வலது பக்கத்து சீட்டு

கங்கா, முழிச்சிருக்கியாட்டி? மெதுவாத்தான் பேசுவேன், அம்மா பக்கத்துல படுத்திருக்கா. நீ சிரிச்சேன்னா போனை வச்சிருவேன், இப்பவே சொல்லிட்டேன்.

சித்தப்பா வண்டியில ஒரு சத்தம் வருதுன்னு சொன்னேன்ல. டிங், டிங், டிங்னு. முன் சீட்டுல உக்காந்துக்கிட்டு பெல்ட் போடலைன்னா வண்டியே அடிக்கிற மணி. அது ஆளே இல்லாத சீட்டுக்கு அடிக்குது. அங்க ஆரம்பிச்சதுதான் எல்லாம்.

எங்க சுடலைமணி சித்தப்பாவை உனக்குத் தெரியும். ஷார்ஜாவுல ஏதோ குடோன்ல பெட்டி அடுக்குதாரு. ஆனா இங்க மட்டாஞ்சேரியில வந்து எறங்குனா அவரு நடக்குற நடையைப் பாக்கணுமே, அந்த ஊரு ஷேக் இவருகிட்ட யோசனை கேட்டுட்டுத்தான் சாயா குடிப்பாருன்னு நினைக்கத் தோணும். போன லீவுக்கு வந்தப்ப வெயில் கண்ணாடியைக் கோவிலுக்குள்ள கூட கழட்டலை. இந்த லீவுக்கு அங்க ஒரு பழைய காரை வாங்கி, கண்டெய்னர்ல ஏத்தி, கப்பல்ல கொண்டாந்துட்டாரு. வெள்ளைக் கலர், யானை சைஸு, ஸ்டியரிங் இடது பக்கம். ஆறு மாசத்துக்குள்ள திரும்பக் கப்பல் ஏத்திடுறேன்னு கஸ்டம்ஸ்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் வெளிய எடுத்தாரு. அதுவரைக்கும் அந்த அரபி நம்பர் பிளேட்டோட சுத்தலாமாம். இங்கயே வச்சுக்கணும்னா கட்டுற வரியில இன்னொரு வண்டியே வாங்கிரலாம், அப்படியே கட்டுனாலும் இடது பக்க ஸ்டியரிங் வண்டியை நம்ம ஊருல பதிய மாட்டாங்களாம்.

"பின்ன எதுக்குய்யா கொண்டாந்தீரு?"ன்னு அம்மா கேட்டா.

"ஊர்க் கோவில் கொடைக்குப் போறப்ப என்னைய பஸ்ஸுலயா போய் எறங்கச் சொல்லுதீக, மதினி?"

அம்புட்டுதான் காரணம். நாலு பேரு வாயைப் பொளந்து பாக்கணும், அதுக்கு ஒரு கப்பல்.

நம்ம சந்துக்குள்ள அது நுழையாது. பஜார் ரோட்டுல சுக்கு குடோன் சுவத்தை ஒட்டி நிப்பாட்டுதாரு, அதுவும் எதிர்த் திசையைப் பாத்து. ஏன் தெரியுமா? அவரு எறங்குற கதவு ரோட்டுப் பக்கம் இருக்கணும். எறங்குறதை ஜனம் பாக்கணும். அதனால வலது பக்கம் சுவத்தோட ஒட்டிக் கிடக்கும், ஒரு விரல் நுழையாது. அந்தப் பக்கக் கதவை யாராலயும் திறக்க முடியாது. இதை ஞாபகம் வச்சுக்க.

வந்த அன்னைக்கே பூசை. நம்ம பாண்டித்துரை பூசாரிதான். அவரு ஸ்கூட்டியில இருந்து அரிசி லாரி வரைக்கும் பூசை போட்ட ஆளு, கண்ணை மூடிக்கிட்டே செய்வாரு. நெசமாவே கண்ணை மூடிக்கிட்டுத்தான் செஞ்சாரு. நம்ம ஊருல டிரைவர் உக்காருற இடம் எதுன்னு அவரு கைக்குத் தெரியும்ல, நேரா வலது பக்கம் போயிட்டாரு. சீட்டுல பூவைப் போட்டாரு, தலை சாய்க்கிற இடத்துல சந்தனம் வச்சாரு, குங்குமம் வச்சாரு, சூடத்தைக் காட்டி, "இருக்கிறவரே, இது உம்ம இடம். எறங்கிப் போகாம இருந்து காக்கணும்"னு சொன்னாரு. டிரைவரை நினைச்சுச் சொல்லுத வார்த்தை அது. எங்க டிரைவரு அந்தப் பக்கம் நின்னு ஷார்ஜாவுல அவரு கூட வேலை பாக்குற ஷிபு சேட்டனுக்கு வீடியோ காட்டிக்கிட்டு இருந்தாரு.

கண்ணைத் திறந்து பாத்தா பூசாரிக்கு முன்னால ஸ்டியரிங்கே இல்லை. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். பூசாரி மட்டும் சிரிக்கலை. "இருன்னு சொல்லியாச்சே சுடலை, இன்னொருக்கா சூடம் காட்டி எறக்கி விட்டுருதேன்"னாரு.

"கூட வர்றவனுக்கும் பாதுகாப்பு வேணும்ல சாமி, விடும்"னு சொல்லி சித்தப்பா வண்டியை எடுத்துட்டாரு. எலுமிச்சம்பழம் நசுங்குன சத்தம் கேட்டுச்சு. அதுக்குப் பின்னாடியே இன்னொரு சத்தம். டிங். டிங். டிங்.

அவரு என்ன பண்ணுனாரு தெரியுமா? அந்தக் காலி சீட்டோட பெல்ட்டை இழுத்து, மாட்டி விட்டுட்டாரு. மணி நின்னுடுச்சு. "சென்சார் போயிருக்கு, இம்புட்டுதான்"னாரு. அன்னையில இருந்து யாருமே இல்லாத சீட்டு பெல்ட் போட்டுக்கிட்டு ஊரைச் சுத்திச்சு.

ரெண்டு நாள் கழிச்சு என்னையப் பள்ளுருத்தியில டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வந்தாரு. நான் பின்னால உக்காந்தேன். விடாத மழை, ஊரே ஈரத்துணி வாடை அடிக்குது, ஆனா அந்த வண்டிக்குள்ள மட்டும் வெயில்ல நாள் முழுக்கக் கிடந்த பிளாஸ்டிக் வாளியை மோந்து பாத்த மாதிரி ஒரு காஞ்ச வாடை. ஏசியைக் கூட்டிக்கிட்டே இருந்தாரு, கழுத்துல வேர்வை வழியுது, அப்பவும் ஜன்னலை இறக்க மாட்டாரு. இறக்குனா ஏசி வண்டின்னு யாருக்குத் தெரியும்? வழியில ஒரு சாயாக் கடையில நிப்பாட்டி ஹாரன் அடிச்சாரு. எறங்கிப் போயிக் குடிச்சா இவரு கௌரவம் கொறைஞ்சு போகும். கடைக்கார சேட்டன் மழையில நனைஞ்சுக்கிட்டே வந்தாரு. தட்டுல மூணு கிளாஸ். வலது பக்க ஜன்னல்கிட்ட குனிஞ்சு, "காரணவருக்கு மதுரம் இடட்டே?"ன்னு கேட்டாரு.

பெரியவருக்கு சீனி போடட்டுமான்னு கேக்காரு.

"எந்தக் காரணவரு? வெளிநாட்டு வண்டியைக் கண்டதும் கண்ணு தெரியலையா?"ன்னு சித்தப்பா சிரிச்சாரு. கடைக்காரரு சிரிக்கலை. ஒரு கிளாஸைத் திரும்பக் கொண்டு போறப்ப ரெண்டு தடவை திரும்பிப் பாத்துட்டுப் போனாரு.

அன்னைக்கு ராத்திரி ஷிபு சேட்டன் கூப்பிட்டாரு. சித்தப்பா போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாரு, தெருவுக்கே கேக்கணுமே. அந்தப் பக்கத்துல இருந்து, "அந்தக் கிழவன் இருந்த சீட்டை மாத்துனியா சுடலே?"ன்னு சத்தம் வருது. இவரு பட்டுன்னு ஸ்பீக்கர் சத்தத்தைக் கொறைச்சுட்டு மாடிப்படிக்குப் போனாரு. நான் படிக்குக் கீழ நின்னு கேட்டேன். ஒட்டுக் கேட்டேன்தான், இருக்கட்டும்.

அந்த வண்டி வச்சிருந்தவன் அவங்க அப்பாவை வலது பக்கம் உக்கார வச்சு, பெல்ட்டைப் போட்டு விட்டு, இப்ப வந்துருதேன்னு சொல்லிட்டு எங்கயோ எறங்கிப் போயிருக்கான். ஏசியை அமத்திக் கதவைப் பூட்டிட்டு. நடுப்பகல். அந்த ஊரு வெயிலு. போன இடத்துல நேரமாயிருக்கு. அந்தக் கிழவனுக்குப் பெல்ட்டைக் கழட்டத் தெரியலை. சாவி கொண்டு போய்த் திறந்தப்ப கட்டை விரல் நகம் பேந்து கிடந்துச்சாம்.

அந்த ஊருல அதை ஒருத்தரும் வாங்க மாட்டேன்னுட்டாங்க. எங்க சித்தப்பன் வாங்கிட்டாரு. அந்த ஒரு சீட்டுக்கு மட்டும் புது உறை போட்டுருக்காரு. போன்ல சொல்லுதாரு, "செத்தவன் என்ன பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டா கூட வருவான், போடே." சொல்லிட்டு சிரிக்காரு.

நான் அவரைத் திட்டலை கங்கா. அவருகிட்டப் பேசுறதே கேவலம்னு நினைச்சேன். இப்படி ஒருத்தரு பின்னால ஊரே சுத்துதே, அப்பா கூட "தம்பி கொண்டாந்த வண்டி"ன்னு துணி வச்சுத் துடைக்காரேன்னு நினைச்சேன். பயமா எல்லாம் இல்லை. நேத்து வரைக்கும் இல்லை.

நேத்து சாப்பிடுறப்ப சித்தப்பா சொன்னாரு, "மதினிக்குப் பின்னால உக்காந்தா வாந்தி வரும். முன்னால உக்காரட்டும்." விடியக்காலையில ஊருக்குக் கிளம்புறோம்ல. மலைப்பாதை, நாள் முழுக்கப் பயணம். அம்மா அந்த சீட்டுல.

நான் வேண்டாம்னேன். பஸ்ஸுல போவோம்மான்னேன். நீ ஏன்ட்டி மூஞ்சியைத் தூக்குதேன்னு அம்மா கேட்டா. சொல்லியிருக்கணும். அந்தக் கிழவனைப் பத்திச் சொன்னா, படிக்கிற பிள்ளை பேசுற பேச்சான்னு சித்தப்பா எல்லாருக்கும் முன்னால பல்லைக் காட்டுவாரு. அந்தப் பல்லுக்குப் பயந்து சொல்லலை பாத்துக்க.

இன்னைக்கு சாயங்காலம் என் சார்ஜர் வண்டிக்குள்ள கிடந்துச்சு. சாவியை வாங்கிட்டுப் போனேன். மழை விட்டிருந்துச்சு. குடோன்ல இருந்து சுக்கு வாடை, ஓடுல இருந்து சொட்டுற தண்ணி, தூரத்துல வைப்பின் தீவுக்குப் போற படகு ஊதுற சத்தம். கூடவே இன்னொரு சத்தம். கண்ணாடியில விரலால தட்டுற மாதிரி. சுவத்துப் பக்கம். ஓட்டுத் தண்ணி சொட்டுதுன்னு நினைச்சேன். வண்டி மேல எங்கயும் தண்ணி சொட்டலை. அவ்வளவு மழைக்கும் வண்டிக் கூரை காஞ்சு கிடந்துச்சு.

இடது கதவைத் திறந்தேன். அடுப்பைத் திறந்த மாதிரி அனல் வந்து மூஞ்சியில அடிச்சுது.

பெல்ட்டைப் பாத்தேன்.

காலி சீட்டுல மாட்டுன பெல்ட் எப்படி இருக்கும்? சீட்டோட ஒட்டிக் கிடக்கும். அது ஒட்டலை. சீட்டுக்கும் அதுக்கும் நடுவுல என் கை நுழையிற அளவுக்கு இடம். ஒரு நெஞ்சுக்கு மேல போற மாதிரி வளைஞ்சு. மெதுவா ஏறுது. மெதுவா எறங்குது.

ஓடியிருக்கணும். ஓடலை. அம்மாவை நினைச்சேன். அந்தாளுக்கு வேண்டியது எறங்குறதுதானே. ஒருத்தரும் எறக்கி விடலை. மகன் விடலை, பூசாரி இருன்னு சொல்லிட்டாரு, எங்க சித்தப்பன் பெல்ட்டை மாட்டி விட்டுட்டாரு. எறக்கி விட்டா போயிருவாரு. அப்படித்தான் நினைச்சேன்.

டிரைவர் சீட்டுல முட்டி போட்டு, கையை நீட்டி, அந்த சிவப்பு பட்டனை அமுக்குனேன். சுட்டுச்சு.

பெல்ட் சடார்னு போகலை. மெதுவாப் போச்சு. எது மேலயோ உரசிக்கிட்டு.

அப்பத்தான் தோணுச்சு. அந்தப் பக்கம் சுவரு. கதவு திறக்காது. எறங்கணும்னா என்னையத் தாண்டித்தான் எறங்கணும்.

டிங்.

சீட்டு உறை சுருங்குச்சு. எந்திரிக்கிறப்ப சுருங்கும்ல. அப்படி.

நான் பின்னால விழுந்தேன். ரோட்டுல, தண்ணிக்குள்ள. காலால எட்டி உதைச்சுக் கதவைச் சாத்திட்டேன். பூட்டிட்டேன். கங்கா, நான் பெல்ட்டைக் கழட்டிட்டுக் கதவைப் பூட்டிட்டேன். உள்ள இருந்து தட்டுறது கேட்டுச்சு. இப்ப ரோட்டுப் பக்கக் கண்ணாடியில.

வீட்டுக்கு ஓடி வந்து பாத்ரூம்ல உக்காந்துட்டேன். தலையில தண்ணியா ஊத்துனேன். பல்லு கிட்டிக்கிச்சு. எவ்வளவு நேரம்னு தெரியலை. வெளிய வந்து பாத்தா அம்மாவைக் காணோம். சாவியைக் காணோம்.

பெட்ரோல் போடப் போயிருக்காங்க. "வாங்க மதினி, வாந்தி வருதான்னு இன்னைக்கே பாத்துருவோம்"னு சித்தப்பா கூட்டிட்டுப் போயிருக்காரு. வண்டியை சுவத்தை விட்டு வெளிய எடுத்து, வலது பக்கக் கதவைத் திறந்து உக்கார வச்சிருக்காரு. அம்மாவுக்குப் பெல்ட் போடத் தெரியாது. அவருதான் மாட்டி விட்டாராம்.

ரெண்டு பேரும் திரும்பி வந்தாங்க. சித்தப்பாவுக்கு ஒரே சந்தோசம். "பாத்தியா அமுதா, உங்கம்மைக்கு வாந்தியும் இல்லை ஒண்ணும் இல்லை, குழந்தை மாதிரி உக்காந்து வந்தாங்க. அவங்க எறங்குனப்புறம் பெல்ட் மாட்டாமலே அந்த டிங் சத்தம் கூட நின்னு போச்சு."

அம்மா சாப்பிடலை. தண்ணி மட்டும் கேட்டா. ஒரு குடம் தண்ணி குடிச்சா கங்கா. குடிச்சுட்டு மறுபடி கேட்டா. அப்புறம் படுத்தா. அப்பாவுக்கு நைட் டூட்டி. சித்தப்பா மாடியில குறட்டை விடுதாரு, இங்க வரைக்கும் கேக்குது. நிம்மதியாத் தூங்குதாரு, தூங்கட்டும்.

அம்மா உடம்பு தோசைக்கல்லு மாதிரி சுடுது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. அந்த வாடை. காஞ்ச பிளாஸ்டிக் வாடை. நம்ம பாய்ல.

இரு. பேசாத.

எந்திரிச்சுட்டா.

உக்காந்திருக்கா. முதுகு நேரா. லைட்டு போடலை. தெரு வெளிச்சத்துல தெரியுது. மூஞ்சி வாசக் கதவுப் பக்கம். யாரோ வந்துருதேன்னு சொல்லிட்டுப் போன மாதிரி. கதவையே பாக்குதா. வாய் திறந்திருக்கு.

அம்மா. அம்மா.

திரும்பலை.

கை. வலது கை. இடது இடுப்புல. கட்டை விரல். எதையோ அமுக்குது. சேலை மேல. அங்க ஒண்ணுமே இல்லை கங்கா. அமுக்குது. விடுது. அமுக்குது. நகத்துல ரத்தம் வருது.