உதட்டுக் கோடு

அந்த முகத்தின் உதடுகளுக்கு நடுவே ஓடிய கோடு நேற்றைவிடக் கொஞ்சம் தடித்திருந்தது.

சாலையில் போகிற வேறு யாருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. பட்டிருந்தாலும் மழையில் சாயம் ஊறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் அவளுக்கு வாயைப் பார்ப்பதுதான் பிழைப்பு. பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். மெழுகில் ஈறு வடிப்பாள், அதில் பல்லை ஒவ்வொன்றாக நிறுத்துவாள், மேல்வரிசையும் கீழ்வரிசையும் கடிக்கும்போது எங்கே இடிக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு மயிரிழை மாறினாலும் கண்ணை உறுத்தும். பேருந்து நிறுத்தத்தில் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி, எதிரே ஐந்து மாடி உயரத்துக்கு எழுந்து நின்ற அந்த முகத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வந்தது. போனது. அவள் ஏறவில்லை.

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஜன்னல் இல்லாத பக்கச் சுவர் அது. வருஷக்கணக்கில் பாசியும் குழாய்க் கசிவுமாக, ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லாமல் கிடந்தது. மழை தொடங்குவதற்கு முன்பு சாரம் கட்டினார்கள், திரை தொங்கவிட்டார்கள். பிரித்தபோது உள்ளே ஒரு பெண்ணின் முகம் இருந்தது. நெற்றியிலிருந்து மோவாய் வரை முகம் மட்டும். கிட்டத்தில் போனால் ஒன்றும் தெரியாது. நீலமும் செங்கல் நிறமும் திட்டுத்திட்டாக அப்பியிருக்கும், உருளை தேய்த்த தடமும் பீய்ச்சிய சாயம் வழிந்த ஒழுகலும்தான் இருக்கும். சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்து திரும்பினால் போதும், திட்டுகள் எல்லாம் ஒன்றுகூடி ஒரு ஆளாகிவிடும்.

படம், ஓவியம் என்று எதையும் அவள் நின்று பார்த்தவள் இல்லை. வீட்டில் தொங்குவது ஒரு காலண்டர், அதிலும் தேதியை மட்டுமே பார்ப்பாள். இந்த முகத்தை முதல் தடவை பார்த்தபோது ஏனோ நின்றுவிட்டாள். அழகு என்று சொல்ல முடியாது. எதையோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விழுங்கிவிட்டவளின் முகம். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் கட்டிலில் கிடக்கும் அக்காவுக்கும் அதுதான் முகம்.

அம்மா இல்லாத வீட்டில் அவளைக் குளிப்பாட்டி, தலைவாரி, ஆளாக்கியவள் அக்கா. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனதிலிருந்து பேச்சில்லை. இப்போது முறை மாறிவிட்டது. காலையில் உடம்பைத் துடைத்து, துணி மாற்றி, குழைத்ததை ஊட்டி, கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். மாலையில் திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து. கணவன் முன்னறையில் செல்போன் பழுதுபார்ப்பவன், பகலெல்லாம் வீட்டிலேயே இருப்பதால் ஒரு கண் அக்காவின் மேல் இருக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டம். குறை சொல்ல யாரும் இல்லாத வீட்டில் புலம்புவதற்கும் ஆளில்லை.

ஒரு மாலை, நிறுத்தத்தில் ஈ காக்கை இல்லாதபோது, சாலையைக் கடந்து போய் அந்த முகத்தின் மோவாயில் உள்ளங்கையை வைத்தாள். நாளெல்லாம் மழை பெய்திருந்தும் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. வாய் தானாகவே திறந்துகொண்டது. இன்றைக்கு அக்கா ஒரு வாய்கூட விழுங்கவில்லை என்றாள். தன் முதுகு விட்டுப்போகிறது என்றாள். சொல்லி முடித்தபோது உடம்பு பஞ்சாகியிருந்தது. மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும். ஈரச் சிமென்ட்டும் சாயமும் கலந்த வாடை மூக்கில் ஏற, நெற்றியைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முணுமுணுப்பாள். கடந்து போகிறவர்கள் போனில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வர ஏன் இவ்வளவு நேரம், யாரோடு பேசிக்கொண்டு நின்றாய் என்று கணவன் ஒருநாள் கேட்டதற்குச் சுவரோடு என்று உண்மையைச் சொன்னாள். அவன் சிரித்துவிட்டான்.

"சுவருக்குக் காது இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன். நல்லவேளை, வாய் இல்ல."

கோடு தடித்தது அந்த வாரம்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் ஏதாவது ஒன்று மாறியிருந்தது. கோடு ஒரு கீறலானது. கீறல் இருட்டானது. அந்த இருட்டுக்குள்ளே, ஒருநாள் அந்தி வெளிச்சத்தில், வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. பல். கூடத்தில் பல் நிறங்களை வரிசையாகக் குத்தி வைத்திருக்கும் அட்டை ஒன்று உண்டு. அதைக் கைப்பையில் போட்டு எடுத்துவந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த விளிம்போடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாள். கடைசிக்கு முந்தைய நிறம் பொருந்தியது. வேர் செத்துப்போன பல்லின் சாம்பல் நிறம்.

கூடத்தில் மெழுகு ஊற்றும் பெரியவரை எல்லோரும் மெழுகண்ணன் என்பார்கள். அவரிடம் போனைக் காட்டி, திரை பிரித்த அன்றைக்கு எடுத்த படம், இப்போது நேரில் போய்ப் பாருங்கள், வாய் திறந்திருக்கிறது என்றாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தை உற்றுப் பார்த்தார்.

"இதுலயே திறந்துதானேம்மா இருக்கு."

வாங்கிப் பார்த்தாள். திறந்துதான் இருந்தது. அன்று எடுத்த எல்லாப் படத்திலும். உனக்குத் தூக்கம் போதவில்லை, இரண்டு நாள் லீவு போடு என்று அவர் சொன்னது காதில் ஏறவில்லை. படங்களை விரலால் தள்ளித் தள்ளி மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

போகக் கூடாது என்று முடிவு செய்தாள். பேருந்தை அடுத்த நிறுத்தத்தில் பிடித்தாள். நாலைந்து நாள் தாங்கியது. ஆனால் சொல்லாமல் வைத்திருந்தது எல்லாம் நெஞ்சில் கல்லாக ஏறி உட்கார்ந்துகொண்டது. வேலையில் ஒரு பல்லைத் தலைகீழாக நிறுத்தினாள். வீட்டில் ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை. ஒரு மாலை அக்கா ஊட்டியதை எல்லாம் துப்பினாள், மாற்றிய துணியை மறுபடி நனைத்தாள். துவைத்துப் போட்டுவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று கிளம்பியவளைக் கால்கள் பேருந்தில் ஏற்றி நேராகச் சுவருக்குக் கொண்டுபோயின. தூறல். உள்ளங்கையை வைத்தாள். அன்று சுவர் வெதுவெதுப்பு இல்லை, காய்ச்சல்காரன் உடம்பாகச் சுட்டது.

"அவ போயிட்டா எனக்கு நிம்மதி" என்றாள்.

மேலே ஈரமாக ஏதோ பிரிகிற சத்தம் கேட்டது. ஒட்டியிருந்த உதடு பிரிகிற சத்தம். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓடினாள்.

மறுநாள் மாலை அங்கே ஒருத்தி நின்றாள். கையில் ஹெல்மெட், பேன்ட் முழுக்கச் சாயப் பொட்டு, நகக்கண்ணிலும் நீலம். சுவரைப் பார்த்த பார்வையிலேயே அவள்தான் வரைந்தவள் என்று தெரிந்தது. இவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். கேட்காமலே அந்தப் பெண் பேசத் தொடங்கினாள். இந்த முகம் யாருடையது என்று எல்லோரும் கேட்கிறார்களாம். யாருடையதும் இல்லையாம், மனதில் வந்ததாம். ஆனால் பார்க்கிற ஒவ்வொருவரும் எனக்குத் தெரிந்த யாரோ மாதிரி இருக்கிறது என்கிறார்களாம். அது தனக்குப் பெருமையாக இருந்ததாம், போன வாரம் வரைக்கும். அப்புறம் யாரோ ஒருவர் இந்தச் சுவரைப் புதிதாக எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருக்கிறார்.

"வாயை நான் மூடித்தான் வரைஞ்சேன்" என்றாள் அந்தப் பெண். குரல் உள்ளே போயிருந்தது. "உள்ள பாருங்க. தொண்டை வரைக்கும் இருக்கு. அவ்வளவு ஆழம் எனக்கு வரைய வராதுங்க."

இவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். முழுதாகத் திறந்திருந்தது. இரண்டு வரிசைப் பல், அண்ணம், நாக்கின் அடி, அதற்கும் பின்னால் தெருவிளக்கு எட்டாத கறுப்பு. யாராவது மேலே வரைந்திருப்பார்களோ என்று கேட்டாள். சாரம் இல்லாமல் அந்த உயரத்துக்கு யார் ஏற முடியும் என்றாள் வரைந்தவள். நாளைக்கே ஆளோடு வந்து வெள்ளை அடித்துவிடுகிறேன் என்று சொல்லி, முதுகைச் சுவருக்குக் காட்டாமலே பின்னால் நகர்ந்துபோய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அன்று இரவு வீட்டில் ஊட்டும்போது அக்கா மறுக்கவில்லை. வாயை நன்றாகத் திறந்து வாங்கிக்கொண்டாள். கண் மட்டும் தங்கையின் முகத்தை விட்டு அசையவில்லை.

அடுத்த மாலை மழை விட்டிருந்தது. வெள்ளைச் சுவரை எதிர்பார்த்து வந்தவள் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டாள். முகம் அப்படியே இருந்தது. வாய் மூடியிருந்தது. திரை பிரித்த அன்று இருந்த அதே மெல்லிய கோடு. வரைந்தவள் வெள்ளை அடிக்க மனசு வராமல் வாயை மட்டும் திருத்திவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தபோது, பல நாளாக இறுக்கிப் பிடித்திருந்த மூச்சு வெளியே வந்தது. அழுகைகூட வந்தது. நன்றி சொல்லத் தோன்றிச் சாலையைக் கடந்து போய்த் தொட்டாள்.

சுவர் காய்ந்திருந்தது. சுண்ணாம்புப் பொடி கையில் ஒட்டியது. புதுச் சாயம் எங்கேயும் இல்லை. வாடைகூட இல்லை.

சுவர் சில்லென்று இருந்தது. காலி வீட்டுச் சுவர் மாதிரி.

அந்தச் சாய வாடை பேருந்தில் ஏறிய பிறகு வந்தது. ஜன்னலைத் திறந்தாள், போகவில்லை. துணியை முகர்ந்தாள், அதில் இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போதுதான் அடித்தது. பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ கேட்டார். தலையை மட்டும் ஆட்டினாள். இறங்கி நடந்தாள். வேகமாக நடந்தாள். தெருவில் மின்சாரம் இல்லை, வாசலில் செருப்பு வழக்கம்போல் கிடந்தது, முன்னறையில் பழுதுபார்க்கும் மேஜை காலியாக இருந்தது. உள்ளே குரல்.

பெண் குரல்.

ரிப்பேருக்கு வந்த ஏதோ போன் ஓடுகிறது என்று நினைத்தாள். இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். முதுகு விட்டுப்போகிறது என்றது அந்தக் குரல். ஒரு வாய்கூட விழுங்கவில்லை என்றது. சொல்லை இழுக்கும் இழுப்பு, நடுவில் மூக்கை உறிஞ்சும் பழக்கம். அவளுடைய குரல்.

கட்டிலில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைமாட்டில் மெழுகுவர்த்தி. முகத்தின் விழுந்த பக்கம் விழுந்தபடியே இருந்தது, உதடுகள் மட்டும் அளந்து அளந்து அசைந்தன. உள்ளே பல். சாம்பல் நிறம். கணவன் எதிரே ஸ்டூலில், தலையைக் குனிந்து, கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவ போயிட்டா எனக்கு நிம்மதி" என்றாள் அக்கா, அவளுடைய குரலில்.

அக்கா என்று கூப்பிடப் போனாள். சத்தம் தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றது. மறுபடி முயன்றாள். கன்னம் இழுத்துக்கொண்டது. வேறெதுவும் அசையவில்லை.

விரலை வாய்க்குக் கொண்டுபோனாள்.

வழவழப்பு. ஈரம். இடமிருந்து வலமாக ஓட்டினாள். வலமிருந்து இடமாக. நகத்தால் தேடினாள். கோடு இல்லை. விரல் நுனியில் செங்கல் நிறம்.

அக்கா நிறுத்தவில்லை. அவசரமும் இல்லை. சுவரிடம் சொன்னதெல்லாம் முடிந்துவிட்டது. இப்போது போன வருஷம் ஒரு மதியம் இந்தக் கட்டிலருகே கையில் தலையணையோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை அவள் சுவரிடம்கூடச் சொன்னதில்லை.

கணவன் மெல்லத் தலையை உயர்த்தி, அறை வாசலில் நின்றவளைப் பார்த்தான்.