குச்சியின் பின்னால்

மரப்பலகை பதித்த அந்தப் பழைய சைக்கிள் அரங்கத்துக்குக் குச்சி வந்து சேர்ந்தபோது மதியம்தான். வெளியே நல்ல மழை. ஆள் ஒல்லி என்பதால் கல்லூரியில் வைத்த பெயர்தான் குச்சி. கோபித்துப் பார்த்தாள், பெயர் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். பந்தயப் பருவம் நெருங்கிவிட்டது. நால்வர் அணியில் மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது ஆளுக்கான தேர்வு மறுநாள் காலை. இந்த முறையும் இடம் கிடைக்காவிட்டால் சைக்கிளை மூலையில் போட்டுவிடுவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"தனியாவாம்மா ஓட்டப்போற? நான் சாப்பிட்டு வந்துடுறேன். வெளியே பூட்டிக்கட்டுமா?" என்றார் காவலாளி.

"பூட்டிக்குங்கண்ணே. நான் எங்க ஓடிப் போகப்போறேன், இங்கேயே சுத்திக்கிட்டுதான் இருப்பேன்."

தடத்தில் ஓட்டும் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை மிதியும் சுற்றும், வாரால் இறுக்கிய காலும் கூடவே சுற்றும். எதிர்த்து மிதித்து மெல்ல மெல்லத்தான் நிறுத்த முடியும்.

அணியாக ஓட்டும்போது முன்னால் போகிறவள் காற்றைத் தாங்கிக்கொள்வாள். மற்றவர்கள் அவள் மறைவில் வருவார்கள். களைத்ததும் முழங்கையை அசைத்துவிட்டு, கிண்ணம்போல் சரிந்த தடத்தில் மேலே ஒதுங்கி, வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். பின்னால் இருப்பவள் மறுபேச்சில்லாமல் முன்னே வர வேண்டும். அவர்களுக்குள் அதுதான் சட்டம்.

தனியாகப் பத்துச் சுற்று ஓட்டியதும் மூச்சு வாங்கியது. பழக்கதோஷம், குச்சி முழங்கையை அசைத்துவிட்டு மேலே ஒதுங்கினாள். ஒரு ஈ காக்கை இல்லாத இடத்தில் யாரைக் கூப்பிடுகிறோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

கீழே பலகைகள் தடதடத்தன.

ஏதோ அவளைக் கடந்து முன்னால் போனது.

திரும்பக் கீழே இறங்கியபோது முகத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றது. ஈரத்துணியும் பழைய தைலமும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. கால்கள் லேசாகிவிட்டன. உள்ளதைச் சொன்னால், முதலில் அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது. நாளைக்கும் இப்படியே ஓட்டினால் இடம் நிச்சயம்.

பிறகு வேகம் கூடியது.

எதிர்த்து மிதித்தாள். மிதி கேட்கவில்லை. வாரை அவிழ்க்கக் கையை எடுத்தால் எலும்பு மிஞ்சாது. பூட்டிய கதவு வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது.

"அண்ணே!"

கூரையில் மழைச் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

"விட்டுடு," என்று அழுதாள். "கெஞ்சிக் கேக்குறேன், விட்டுடு."

முன்னாலிருந்து மூச்சிரைக்காத ஒரு குரல். "இடம் வேணும்ல?"

 குச்சிக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"வேணும்."

முகத்தில் மறுபடி காற்று அறைந்தது. முன்னால் இருந்தது ஒதுங்கிவிட்டது. மிதிகள் அடங்கின. அவள் பிடரியில் மட்டும் சில்லென்று ஒரு மூச்சு பட்டுக்கொண்டே இருந்தது.

காவலாளி கதவைத் திறந்தபோது தடத்தோரக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், இடமும் போய்விடும்.

மறுநாள் தேர்வில் அவளுக்கு ஈடுகொடுக்க ஆளில்லை. "இந்தக் கால் ரெண்டையும் இத்தனை நாளா எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார் பயிற்சியாளர். குச்சி உடனே அம்மாவுக்கு போன் செய்து சந்தோஷமாகச் சொன்னாள்.

அன்று மாலையே நால்வரும் சேர்ந்து தடத்தில் இறங்கினார்கள். குச்சி கடைசியில். முன்னால் போன கேப்டன் முழங்கையை அசைத்துவிட்டு மேலே ஒதுங்கி, பின்தங்கி, குச்சிக்குப் பின்னால் இறங்க வந்தாள்.

இறங்கவில்லை. மேலேயே வந்துகொண்டிருந்தாள்.

"எறங்குடி!" என்று கத்தினாள் குச்சி.

"எங்கடி எறங்குறது?" என்றாள் கேப்டன் எரிச்சலாக. "உன் பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்றாளே, முதல்ல அவளை நகரச் சொல்லு."