வெல்தோராவின் எஞ்சின்

ஊர்காவற்றுறைச் சுங்கத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்ற கனகசபையின் வீட்டுக்கு றோஸ் வந்தபோது காலை எட்டு மணிகூட ஆகவில்லை. கதிரையைக் காட்டியும் அவள் அமரவில்லை.

"ஐயா, ஏஜென்சிக்காரர் நாளைக்கு யாழ்தேவி றெயினிலை என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறார். போகலாமோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

எண்பத்துநாலாம் ஆண்டு வைகாசி மாதம் அது. றோசின் அண்ணன் அம்புறோஸ் ஒரு மோட்டார் மெக்கானிக். எட்டு மாதங்களுக்கு முன் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் தியாகலிங்கம் என்ற ஏஜென்சிக்காரரோடு இத்தாலிக்கென்று போனவன். அவனுடைய முதல் கடிதத்தை முந்தினநாள் தியாகலிங்கமே கொண்டுவந்து கொடுத்திருந்தார். றோசுக்கும் அங்கே ஆசுபத்திரி வேலை இருக்கிறதாம். கையோடு கூட்டிப்போக நிற்கிறார். தாய் மாக்கிறேற் சம்மதித்துவிட்டாள்.

ஊரார் கொண்டுவரும் சிக்கல்களைக் கனகசபை விசாரிக்கும்போது ஒன்றையும் தவறவிடாதவர் லோஞ்ச் படகுகளின் எஞ்சின் திருத்தும் ஆழ்வாப்பிள்ளை; அன்றும் வந்திருந்தார். கடிதத்தை வாங்கி அவரே உரக்க வாசித்தார்.

"நான் சுகம். வெல்தோரா கார் செய்யும் இடத்தில் வேலை. பொனற்றைத் திறந்தால் எட்டுச் சிலிண்டர் எஞ்சின். பின்சீற்றில் மூன்றுபேர் தாராளமாக இருக்கலாம். வெல்தோராவைப் பற்றி நான் எழுதுவது எவ்வளவு உண்மையோ, மற்றதும் அவ்வளவு உண்மை. றோசை இவரோடு அனுப்புங்கள். கொழும்பில் சூசையம்மா மாமி வீட்டுப் பக்கம் போகவேண்டாம்."

"இதிலை என்ன குழப்பம், பிள்ளை?" என்றார் கனகசபை.

றோஸ் மடித்து வைத்திருந்த ஆங்கிலச் சஞ்சிகைத் தாளை விரித்தாள். தரையோடு தரையாய்ப் பதுங்கி நிற்கும் ஒரு சிவப்புக் கார்.

"இதுதான் வெல்தோரா. அண்ணை அலுமாரிக் கதவிலை ஒட்டி வைச்சிருந்தவர். செபம் மாதிரிச் சொல்லுவார், எனக்கும் மனப்பாடம். எஞ்சின் சாரதியின்ரை முதுகுக்குப் பின்னாலை, பின்சில்லுக்கு முன்னாலை. பன்னிரண்டு சிலிண்டர். நிறை ஆயிரத்து நூற்றெண்பது கிலோ. ரெண்டே ரெண்டு சீற். முன்பொனற்றுக்குள்ளை ஸ்பெயார் சில்லு மட்டும்தான். உலகத்திலை முப்பத்தேழு கார்தான் செய்தவை."

"பிடிச்சாச்சு!" என்று ஆழ்வாப்பிள்ளை துள்ளினார். "காரைப் பற்றி ஒண்டும் தெரியாத எவனோ எழுதின கள்ளக் கடிதம்!"

"கையெழுத்து ஆற்றை, பிள்ளை?" என்று கேட்டார் கனகசபை.

"அண்ணையின்ரைதான் ஐயா. அதுதான் எனக்கு விளங்கேல்லை."

கனகசபை முற்றத்தில் இரண்டுதரம் நடந்தார். "சூசையம்மா எங்கை இருக்கிறா?"

"கொட்டாஞ்சேனையிலை. போகேக்கை அண்ணை அங்கைதான் தங்கினவர்."

"நட, பிள்ளை. உங்கடை வீட்டை போவம். ஆழ்வாப்பிள்ளை, நீர் வாசல்லை நில்லும்."

றோசின் வீட்டில் தியாகலிங்கம், மாக்கிறேற் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். கனகசபை எதிரே அமர்ந்து அன்பாகவே கேட்டார்: "அம்புறோஸ் வேலை செய்யிற இடத்தை நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?"

"பின்னை? பக்கத்திலை நிண்டனான். பொனற்றைத் திறந்து காட்டினவன். அதெல்லோ எஞ்சின்!"

கனகசபை சஞ்சிகைத் தாளை அவர் முன் வைத்தார். "இந்தக் காரின்ரை பொனற்றுக்குள்ளை எஞ்சின் இல்லை. அது சாரதிக்குப் பின்னாலை இருக்குது."

தியாகலிங்கம் படத்தையே பார்த்தார்.

"ஐயா, அப்ப அம்புறோஸ் ஏன் பிழையாய் எழுதினவன்?" என்று வாசலில் நின்றபடியே கேட்டார் ஆழ்வாப்பிள்ளை.

"தெரியாதவன் எழுதினால் ஒண்டாவது தற்செயலாய்ச் சரிவரும். இதிலை எல்லாமே பிழை. பாடமாக்கினவனாலைதான் அப்பிடி எழுத ஏலும். இவர் வாசிச்சுப் பாக்காமல் கடிதத்தை வெளியிலை விடமாட்டார் எண்டு அவனுக்குத் தெரியும். இவருக்குக் கார் தெரியாது எண்டதும் தெரியும். அதாலைதான் கார் எவ்வளவு உண்மையோ மற்றதும் அவ்வளவு உண்மை எண்டு எழுதினவன். எல்லாத்தையும் தலைகீழாய் மாத்தி வாசியுங்கோ. அவன் சுகமாய் இல்லை. றோசை அனுப்பக்கூடாது. சூசையம்மாவிட்டைப் போகவேணும். இத்தாலியிலை இருக்கிறவன் கொழும்பு மாமியை ஏன் இழுக்கிறான்? அவன் கொழும்பைத் தாண்டவே இல்லை."

மாக்கிறேற் எழுந்து வந்து தியாகலிங்கத்தின் கையிலிருந்த கோப்பையைப் பறித்தாள். "என்ரை பிள்ளை எங்கை?"

அக்கம்பக்கத்துக் கடற்றொழிலாளர் ஆழ்வாப்பிள்ளைக்குப் பின்னால் திரண்டுவிட்டார்கள். தியாகலிங்கத்தின் வாயிலிருந்து, கொழும்புக்குப் பக்கத்து வத்தளையில் ஒரு வீட்டின் முகவரி வெளியே வந்தது. கடவுச்சீட்டுகளைப் பறித்து, ஆட்களைப் பூட்டி வைத்து, "நான் சுகம்" என்று எழுதுவித்து, அந்தக் கடிதங்களைக் காட்டியே அடுத்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கடற்றொழிலாளரின் காவலில் விட்டுவிட்டு, கனகசபை தபாற்கந்தோரிலிருந்து கொழும்புக்கு அழைப்பெடுத்துச் சூசையம்மாவுக்கு விபரம் சொன்னார். அன்று பின்னேரமே சூசையம்மா தன் பங்குச் சுவாமியாரையும் பொலிசையும் கூட்டிக்கொண்டு வத்தளைக்குப் போனாள்.

நாலாம் நாள் அம்புறோஸ் பஸ்ஸால் இறங்கினான். கன்னம் ஒட்டி, யாருடையதோ சேட்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தான். றோஸ் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

"நீ கண்டுபிடிப்பாய் எண்டு தெரியும்," என்றான். பிறகு கனகசபையைப் பார்த்தான். "ஐயா, முதல்லை எங்களோடை இருந்த ஏழு பேரை வேறை எங்கையோ மாத்திப்போட்டாங்கள். தியாகலிங்கமும் இடத்தைச் சொல்லேல்லையாம், பொலிசுக்கும் அவையளைக் கண்டுபிடிக்க ஏலாமல் போச்சு. அவையளும் கடிதம் எழுதினவை. வீட்டுக்காரர் அதை நம்பிக்கொண்டு இருப்பினம்."

"எந்தெந்த ஊர்?"

"அனலைதீவு ரெண்டு பேர். இறுப்பிட்டி ஒண்டு. மற்றவையைத் தெரியாது."

கனகசபை குடையை எடுத்துக்கொண்டு ஆழ்வாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கடிதங்களையும் வாசிச்சுப் பாக்கவேணும். அனலைதீவுக்கு அடுத்த வள்ளம் எத்தினை மணிக்கு?"