அறுபது குரல்களில் ஒன்று

மழை பிடித்துக் கொட்டிய ஒரு பிற்பகலில், கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அவன் அந்தப் பல் மருத்துவமனைக்குள் நுழைந்தான். வாய்க்குள் ஓர் எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்திருப்பவன் போல அவ்வளவு வீக்கம்.

"அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்றாள் முன்மேசையிலிருந்த அண்ணி. டாக்டரின் அண்ணன் மனைவி. வீட்டிலும் அவள் ராஜ்யம்தான், இங்கேயும் அவள் ராஜ்யம்தான்.

"வலி... அதெல்லாம் கேட்டுட்டு வரலைங்க."

உள்ளே டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அனுப்புங்க அண்ணி!"

நாற்காலியில் சாய்ந்தவனை டாக்டர் குனிந்து பார்த்தாள். ஈரம் சொட்டும் புருவங்கள்... அவற்றின் கீழே, அந்த வலியிலும் சிரிக்கப் பார்க்கும் இரண்டு கண்கள். இதே விளக்கடியில் எத்தனையோ கண்களைப் பார்த்திருக்கிறாள். பயந்தவை, கெஞ்சியவை, இறுக மூடிக்கொண்டவை... இவை மட்டும் ஏன் இப்படித் திருப்பிப் பார்க்கின்றன?

'பல்லைப் பாருடி' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

பல்லை ராவும் சத்தம் யாரையும் மிரட்டிவிடாமலிருக்க அவள் எப்போதும் ஆபரா என்னும் மேல்நாட்டு இசைநாடகப் பதிவை ஓடவிடுவாள். அன்று ஓடியது அவளுக்கு உயிரான நாடகம். கலங்கரை விளக்கத்துக் காவலாளியின் மகள், கப்பலேறிப் போன காதலனுக்காகக் காத்துக் கிடக்கும் கதை.

மரப்பு ஊசி போட்டுவிட்டுப் பேச்சுக் கொடுத்தாள். பல் டாக்டருக்கு இதில் ஒரு சௌகரியம். எதிராளி மறுத்துப் பேச முடியாது.

"ஆபரா கேப்பீங்களா?"

"ஆ..."

"எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது தெரியுமா? கப்பல் இனிமே வராதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோகுமே... அப்போ தனியா பாடுவா. ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சு, மெல்ல மெல்ல மேல கொண்டுபோவா பாருங்க... நான் கரைஞ்சே போயிடுவேன். ஆனா அதுக்கு நடுவுல ஊர் ஜனம்னு ஒரு கும்பல் வந்து ஹோன்னு இரையும். அதை மட்டும் தள்ளி விட்டுடுவேன். அத்தனை பேர்ல ஒருத்தர் வாயை மூடிக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது, சொல்லுங்க?"

சொன்னதோடு நிற்காமல், முழங்கையால் பொத்தானைத் தட்டி அந்த இடத்தைத் தாண்டியும் விட்டாள். அவன் கண்களிலிருந்த சிரிப்பு சட்டென்று அணைந்தது. வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கடைவாய்ப் பல் வந்தது. தையலும் போட்டாயிற்று.

"பஞ்சைக் கடிச்சுக்குங்க. கொஞ்ச நேரம் பேசக் கூடாது."

அவன் பஞ்சைக் கடித்தபடியே பேசினான். "அந்தக் கும்பல்ல... நானும் ஒருத்தன், டாக்டர். ஒன்பது வருஷமா ஆபரா தியேட்டர்ல கோரஸ் பாடுறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவன் தணிவாகத்தான் சொன்னான். பிறகு மழையில் இறங்கிப் போய்விட்டான்...

தையல் பிரிக்க வேண்டிய நாள் வந்தது. அவன் வரவில்லை. மறுநாளும் இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அவள் தலை தானாக நிமிர்ந்தது.

"ஒரு போன் பண்ணிக் கேட்டா என்ன, கிரீடம் இறங்கிடுமா?" என்றாள் அண்ணி.

"வராதவங்களை எல்லாம் நான் வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா?"

"மத்தவங்க வரலைன்னா நீ கதவையே பார்த்துட்டு உக்கார மாட்டியே!"

அன்று மாலை, எல்லோரும் போன பின்பு, எப்போதும் தள்ளிவிடும் அந்த இடத்தை முதல்முறையாக ஓடவிட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை. அவன் எந்தக் குரல் என்று தேடினாள்... கிடைப்பானா? அது எங்கோ, யார் யாரோ பாடிய பதிவு. தெரிந்தும் தேடினாள். அசட்டுத்தனம்தான்.

ஞாயிற்றுக்கிழமை, அவன் பாடும் தியேட்டரில் பகல் காட்சிக்கு அதே நாடகம். மேடையை ஒட்டிய பக்கவாட்டு மாடத்தில் போய் உட்கார்ந்தாள். ஊர் ஜனமாக அறுபது பேர் வந்தார்கள். மூன்றாவது வரிசையில், கிழிந்த மாலுமிச் சட்டையோடு... அவன்!

காவலாளியின் மகள் பாடத் தொடங்கினாள். அப்போதுதான் டாக்டருக்கு அது கேட்டது. அந்த ஒற்றைக் குரலின் அடியில், அறுபது பேரும் மூச்சைப் போல ஒரு மெல்லிய ஸ்வரத்தைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அதன்மேல் கால் ஊன்றித்தான் அந்தப் பெண் அவ்வளவு உயரம் ஏறினாள். இத்தனை வருஷமாக அவளை உருக்கியது அந்தப் பெண் மட்டுமல்ல...

கண்ணீர் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

காட்சி முடிந்ததும் கலைஞர்கள் வெளிவரும் பின்வாசலில் போய் நின்றாள். தூறல் போட்டது. வெளியே வந்தவன் அவளைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டான்.

"தையல் பிரிக்கணும்" என்றாள். எத்தனையோ யோசித்து வைத்திருந்தும், வாயில் வந்தது இதுதான்.

"பிரிச்சாச்சே... வேற டாக்டர்கிட்ட."

"யார் அது?" குரலில் அப்படியொரு பொறாமை!

"கை ரொம்பக் கனம். பாட்டும் கிடையாது." அவன் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சுடுங்க. நீங்க எல்லாரும் இல்லேன்னா அந்தப் பாட்டு நிக்கவே நிக்காது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க சொன்னதும் சரிதான் டாக்டர். இன்னைக்கு அந்த இடத்துல நான் பாடவே இல்ல. மாடத்துல நீங்க அழுதுட்டு இருந்தீங்க... அதைப் பார்த்ததும் தொண்டை அடைச்சுப்போச்சு. சும்மா வாயை மட்டும் அசைச்சேன். ஒருத்தருக்கும் தெரியல."

"எனக்குத் தெரிஞ்சுது."

"எப்படி?"

"உங்க வாயையேதான் பார்த்துட்டு இருந்தேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. "தொழில் புத்தி..." என்று முணுமுணுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதுமடல் வரை சிவந்தது.

"தொழில் புத்தி மட்டும்தானா?"

மழை வலுத்தது. இருவரிடமும் குடையில்லை. ஒண்டிக்கொள்ள அந்த வாசலின் குறுகிய கூரைதான்... அவள் ஒரு படி ஏறி அவனருகே நின்றாள்.

"இல்ல" என்றாள். "தையல் பிரிக்க நீங்க வராத அன்னைக்கே அது எனக்குத் தெரியும். ஒத்துக்கத்தான் இத்தனை நாளாச்சு."

சொல்லிவிட்டு, பயந்துபோய் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது வருஷமாகப் பாடிக்கொண்டிருந்த அந்த வாய், ஒரு சொல்கூடக் கிடைக்காமல் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவன் கைதான் நீண்டு வந்து அவள் விரல்களைப் பற்றிக்கொண்டது.