டமாரம் போட்ட நடைப்பாட்டு

அவளுக்கு டமாரம் என்று பெயர் வந்தது சும்மா இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தட்டுவாள். படிக்க உட்கார்ந்தால் மேசையைத் தட்டுவாள். பேருந்தில் ஏறினால் முன் இருக்கையைத் தட்டி, அதில் இருப்பவரிடம் திட்டும் வாங்கிக்கொள்வாள். "இது பொண்ணா, டமாரமா?" என்று அண்ணன் ஒருநாள் கேட்டான். அன்றிலிருந்து வீட்டிலும் ஆறாம் வகுப்பிலும் அதுவே அவள் பெயர்.

அவளுடைய அம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அங்கே உழைத்துக் களைத்த லேப்டாப் ஒன்று, ஓய்வு பெற்று டமாரத்திடம் வந்து சேர்ந்தது. பாதி எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன. ஆனால் அண்ணன் அதில் இசை அமைக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொடுத்தான். திரை முழுவதும் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தை அழுத்தினால் 'டொம்'. இன்னொன்றை அழுத்தினால் 'டிஷ்'. கட்டங்களை வரிசையாக நிரப்பினால் அவை ஓடி ஓடித் தாளமாகிவிடும். டமாரம் அதில் விழுந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை.

முதல் மெட்டை ஒரே மாலையில் போட்டுவிட்டாள். அம்மா கைதட்டினார். வம்பு அதற்குப் பிறகுதான். இரண்டாவது மெட்டு சில நாள் இழுத்தது. அடுத்தது அதைவிட அதிகம் இழுத்தது.

"பழகப் பழக சுலபமாகும்னு சொல்றாங்களே. எனக்கு மட்டும் ஏம்மா தலைகீழா இருக்கு?"

"சித்திரமும் கைப்பழக்கம்னு சும்மாவா சொன்னாங்க? செய்யச் செய்ய வரும்," என்றார் அம்மா, ஒரு கட்டுத் தாளைக் கடை மேசையில் தட்டி ஒழுங்குபடுத்தியபடி.

"அதான் வரலையே!"

அண்ணன் சிரித்தான். "பட்டனைத் தட்டினா கம்ப்யூட்டரே பாட்டுப் போடுது. இதுல உனக்கு என்ன கஷ்டம்?"

"அப்ப நீ தட்டு பாப்போம்."

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பத்துக் கட்டங்களை இங்கே அழுத்தினான், பத்தை அங்கே அழுத்தினான். வெண்கலக் கடையில் யானை புகுந்தது போல ஒரு சத்தம் கிளம்பியது. நகல் எடுக்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று, "மெஷின் ரிப்பேரா? நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டார். அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

பள்ளியில் விளையாட்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளின் அணிநடைக்கு, ஆறாம் வகுப்பு மாணவர்கள்தான் வரிசை பிடித்துவிட வேண்டும். டமாரம் பிடித்துவிட்ட வரிசையின் கடைசி ஆள் அணில். இரண்டாம் வகுப்பு. பள்ளியிலேயே குட்டிப் பையன் அவன்தான்.

விளையாட்டு ஆசிரியரை எல்லாரும் 'விசில் சார்' என்பார்கள். அவர் ஒரு பழைய நடைப்பாட்டை ஓடவிட்டார். பாட்டு ஓட, பிள்ளைகளும் ஓடினார்கள். நடக்க முடியவில்லை, அவ்வளவு வேகம். அணில் இடது காலைத் தூக்குவதற்குள் மற்றவர்கள் வலது காலுக்குப் போய்விட்டார்கள். மூன்று தடவை நடக்கவைத்துப் பார்த்தார் சார். மூன்று தடவையும் அணில் முன்னால் போனவன் மேல் போய் மோதினான்.

"டேய் அணில், நீ உட்கார்ந்துக்கோடா. விழா அன்னைக்குக் கைதட்டற வேலையைப் பாரு."

அணில் குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினான். அது நன்றாகக் கட்டித்தான் இருந்தது.

டமாரத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"சார், தப்பு அவன் கால்ல இல்ல. பாட்டுலதான். பெரியவங்க நடக்கற வேகம் அது."

"நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து இந்தப் பாட்டுதான் ஓடுது."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். சின்னப் பசங்களும் அன்னையிலேருந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்காங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விசில் சார் ஒரு விசில் அடித்தார். சிரிப்பு நின்றது.

"அப்ப நீ போடேன் ஒரு பாட்டு!"

"போடறேன் சார்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"வெள்ளிக்கிழமை கொண்டா," என்றார் சார். "பசங்க கால் சேர்ந்தா உன் பாட்டு. சேரலைன்னா என் பாட்டு, அணில் உட்காரணும். பேச்சு மாறக் கூடாது."

டமாரம் உடும்புப் பிடியாக உட்கார்ந்தாள். பள்ளி விட்டால் கடையின் பின் அறை, ஹெட்போன், லேப்டாப். வேகத்தைக் குறைத்தாள். இடது காலுக்குக் கனமான 'டொம்', வலது காலுக்கு அதைவிடக் கனமான 'டூம்'. நடுவில் அழகுக்கு ஒரு சின்ன 'டிக்'. ஹெட்போனில் கேட்டபோது அவள் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மைதானத்துக் கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சார் பாட்டைப் போட்டார்.

'டிக்... டிக்... டிக்...'

அவ்வளவுதான்! 'டொம்'மையும் காணவில்லை, 'டூம்'மையும் காணவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, அழகுக்கு வைத்த 'டிக்' மட்டும் கம்பத்தின் மேலிருந்து முனகியது. "கொசு கத்துதா?" என்று ஒருவன் கேட்டான். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அணில் மட்டும் இடது காலைத் தூக்கியபடி, எப்போது சத்தம் வரும் என்று காத்து நின்றான்.

"ஸ்பீக்கர்தான் சார் சரியில்ல! என் ஹெட்போன்ல கேட்டுப் பாருங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! மைதானத்துல இருக்கற எல்லாருக்கும் ஹெட்போன் மாட்டிவிட முடியுமா? பழைய பாட்டே போதும், போ."

டமாரம் போகவில்லை. காது சிவந்திருந்தது. கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் கால் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"சார், கால் சேரலைன்னாத்தானே உங்க பாட்டு? இன்னைக்கு என் பாட்டு யாருக்குமே கேக்கலை. கேக்காத பாட்டுக்கு எப்படி சார் கால் சேரும்?"

விசில் சார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாயில் இருந்த விசில் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துத் துடைத்தபடி, "திங்கக்கிழமை காலையில. அதோட சரி," என்றார்.

கடைக்கு வந்ததும் டமாரம் பையை மூலையில் வீசினாள். அழுதாள். அதையும் கோபமாகத்தான் அழுதாள்.

"பழகினா சுலபமாகும்னு சொன்ன பொய்க்காரங்க யாரு? அவங்களை வரச் சொல்லுங்க!"

அண்ணனுக்கே பாவமாகிவிட்டது. "ஏய், இதுக்குப் போய் அழுவாங்களா? இதுலேயே ரெடிமேட் மெட்டு நூறு இருக்கு. ஒண்ணை எடுத்துக் குடுத்துடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே!" என்றாள் டமாரம். "அதுவும் இல்லாம எல்லாம் ஒரே ஓட்டமா ஓடுது. அணில் மறுபடியும் மோதுவான்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். சார் சொன்ன பழமொழி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஆடத் தெரியாதவளாமே! திடீரென்று எழுந்து, "ஆமா, கூடம் கோணல்தான்!" என்று கத்தினாள். நகலுக்குக் காத்திருந்தவர் பயந்து சுவரைப் பார்த்தார்.

"கோணல்தான். அந்தக் கோணல் கூடத்துலேயே ஆடிக் காட்டறேன்!"

அந்தக் குழாயில் எதெல்லாம் நன்றாகக் கேட்கும்? சாருடைய விசில் கேட்கும். தலைமை ஆசிரியை மைக்கை நகத்தால் தட்டினால் காதே கிழியும். கனமான சத்தம்தான் அதன் வாய்க்குள் நுழையாது. மெல்லியதாக, கூர்மையாக, வெடுக்கென்று வரும் சத்தம் வேண்டும்.

டமாரம் கடையைச் சுற்றிப் பார்த்தாள். அம்மா பெரிய ஸ்டேப்ளரை அழுத்தினார். 'டக்!' தாளில் வரிசையாக ஓட்டை போடும் இயந்திரத்தின் கைப்பிடியை இறக்கினார். 'கடக்!' தாள் வெட்டும் கத்தியை இழுத்தார். 'சரக்!'

"அம்மா, அப்படியே இன்னொரு தடவை பண்ணுங்க! யாரும் பேசாதீங்க!"

அண்ணனின் போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் பதிவு செய்து, லேப்டாப் கட்டங்களில் ஏற்றி ஒரு மெட்டாக்கினாள். ஹெட்போனைத் தூக்கிப் பெட்டியில் போட்டு மூடினாள். போனில் மெட்டை ஓடவிட்டு, அதை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து, தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று கேட்டாள்.

"என் போனை ஏண்டி வாளிக்குள்ள போட்ட?" என்று அண்ணன் அலறினான்.

"தண்ணி இல்ல, கத்தாதே! இதுல கேட்டா குழாய்லயும் கேக்கும்."

மறுநாள் காலை அணிலைக் கடைக்கு அழைத்து வந்தாள். "நட," என்றாள். அணில் நெஞ்சை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மரப்பாச்சி போல நடந்தான்.

"அணிநடை போடாதே. பிஸ்கட் வாங்கப் போற மாதிரி நட."

"பிஸ்கட் வாங்கித் தருவீங்களா அக்கா?"

"முதல்ல நட."

அணில் நடந்தான். கை வீசி, அக்கம்பக்கம் பார்த்து, தன் பாட்டுக்கு நடந்தான். டமாரம் பின்னாலேயே போய், அவன் இடது கால் பட்டபோதெல்லாம் ஸ்டேப்ளரை 'டக்' என்று தட்டினாள். தெருமுனை வரை போய் வந்தார்கள். போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

"நான் சரியா நடக்கறேனா அக்கா?"

"நீ உன் இஷ்டத்துக்கு நட. மெட்டுதான் உன் பின்னாடி வரணும்."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கட்டங்களோடு மல்லுக்கட்டினாள். அழித்தாள், போட்டாள், மறுபடியும் அழித்தாள். அம்மா வந்து கேட்டார். "நல்லாத்தானே இருக்கு? இன்னும் என்ன?"

"மூணாவது 'டக்' நொண்டுதும்மா."

"எனக்குக் கேக்கலையே."

"எனக்குக் கேக்குதே! முன்னாடி எனக்கும் கேக்காது. அதனாலதான் முன்னாடி எல்லாம் சீக்கிரம் முடிஞ்சுது..."

சொல்லிவிட்டு டமாரம் அப்படியே நிறுத்தினாள். அம்மாவும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப கைக்கு முன்னாடி காது பழகிடுச்சு," என்றார் அம்மா.

"காது பழகிடுச்சு, கை படற பாட்டைப் பாருங்க!" என்று சொல்லிக்கொண்டே டமாரம் அந்த 'டக்'கை ஒரு மயிரிழை முன்னால் நகர்த்தினாள். நொண்டல் போயிற்று.

திங்கட்கிழமை காலை, விசில் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டமாரம் குழாயையே பார்த்தாள். இன்று கால் சேராவிட்டால் அணில் உட்கார்ந்துவிடுவான். அதன் பிறகு எவ்வளவு பேசினாலும் எடுபடாது.

குழாய் கரகரத்தது. பிறகு மைதானத்தின் கடைசி மரம் வரை பளிச்சென்று கேட்டது.

'டக்-கடக்! டக்-கடக்! டக்-கடக்-சரக்!'

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமில்லை, கால்கள் தாமாகவே கிளம்பிவிட்டன. இடது, வலது, இடது, வலது. கொடிக்கம்பத்தைச் சுற்றி வரிசை வளைந்து வந்தது. கடைசியில் அணில் வந்தான். யார் மேலும் மோதாமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே வந்தான்.

சார் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா பாட்டு இது? ஜெராக்ஸ் கடை மாதிரி இருக்கு."

"ஜெராக்ஸ் கடைதான் சார்."

"சரி, பேச்சுன்னா பேச்சு. உன் பாட்டே ஓடட்டும்."

டமாரம் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"அணில் முன்னாடி நிக்கணும் சார்."

"அணிநடையில உயரமானவன்தாம்மா முன்னாடி நிப்பான்!"

"இது அவன் காலை வெச்சு அளந்த மெட்டு சார். எல்லாரும் அவன் வேகத்துலதான் நடந்தாங்க. அவனைப் பின்னாடி நிறுத்தினா எப்படி?"

விசில் சார் அவளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு நீளமாக ஒரு விசில் அடித்தார். "டேய் அணில்! முன்னாடி வாடா!"

விழா அன்று பள்ளியின் கொடியைப் பிடித்துக்கொண்டு வரிசையின் தலையில் வந்தது அணில்தான். கொடி அவனைவிட உயரம். அவன் வைத்த அடியில் அத்தனை பிள்ளைகளும் அடி வைத்தார்கள். மைதானம் முழுவதும் கைதட்டியது. டமாரத்தின் அம்மாவும் அண்ணனும் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்கள்.

டமாரமும் துள்ளித் துள்ளித் தட்டினாள். அத்தனை சந்தோஷத்திலும், வரிசை திரும்பும் இடத்தில் 'சரக்' கொஞ்சம் கூடுதலாகக் கத்துவது அவள் காதில் விழுந்தது. "இரு, உன்னை அடுத்த தடவை பாத்துக்கறேன்," என்று அதனிடம் முணுமுணுத்தாள்.

விசில் சார் பக்கத்தில் வந்து நின்றார். "ஆண்டு விழாவுக்கும் ஒரு பாட்டுப் போட்டுக் குடேன். இனிமே உனக்கு சுலபமாத்தானே இருக்கும்?"

"இருக்காது சார். இன்னும் கஷ்டமாத்தான் இருக்கும்."

"அப்படின்னா வேண்டாமா?"

"வேண்டாம்னு யார் சார் சொன்னா?" என்றாள் டமாரம்.