முதல் பட்டை கீழாளுக்கு

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றைக்கே விழட்டும். மூன்றுதானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். மூன்றும் முறுக்குக் கடிக்கிற பல்.

நல்லையாவுக்கு முதலில் உறுத்தியது சின்ன விஷயம்தான். குழிக்குள் நின்று ரம்பத்தை இழுத்த ஆள் ஒரு தடவைகூட இருமவில்லை.

மரம் அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழியின் மேல் மரம் குறுக்கே கிடக்கும். மரத்தின் மேல் ஒருவன் நிற்பான், குழிக்குள் ஒருவன் நிற்பான், நடுவில் ஆளுயர ரம்பம். மேலாளுக்குக் கோடு பார்க்கிற வேலை, கீழாளுக்குத் தூள் தின்கிற வேலை. பத்து இழுப்புக்கு ஒருமுறை கீழாள் இருமுவான், துப்புவான், மேலே நிற்பவனின் பரம்பரையையே திட்டுவான். இந்த ஆள் இழுத்தான். மறுபடி இழுத்தான். அவ்வளவுதான்.

நடந்தது எழுபத்தெட்டாம் வருஷம், ஆடலூருக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில். ஐப்பசி மழையில் ஒரு பலாமரம் பாதையை அடைத்துக்கொண்டு சாய்ந்தது. பாதையைத் திறந்துவிட்டால் மரம் உனக்கே என்று தோட்டத்துத் துரை நல்லையாவிடம் சொல்லிவிட்டார். நல்லையா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு அனுப்பப்பட்டு வந்து, இங்கே கூலிவேலை பார்த்தவன். அவனுக்கு அப்போது உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அலமாரி.

காரணம் அவன் மனைவி வீரம்மா. பிரசவத்துக்கு ஒட்டன்சத்திரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனவள், பிள்ளை பிறந்து ஒரு மாதமாகியும் மலையேறவில்லை.

"அலுமாரி இல்லாத வீட்டுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வரமாட்டேங்க," என்றாள். "அங்கிட்டு சிலோன்ல, தோட்டத்து லயத்துல ஒத்த ரூமுல கெடந்தப்பகூட எங்கம்மாவுக்கு ஒரு அலுமாரி இருந்துச்சு. இங்க எலிதான் இருக்கு. நாலு சட்டை தச்சு வச்சேன், நாலுலயும் சன்னல் வச்சுட்டுப் போயிருச்சு."

"வர்ற வெள்ளிக்கெழம மத்தியான பஸ்ஸுக்கு வா. அலுமாரி நிக்கும்."

"நீங்க செஞ்சா, சாஞ்சுல்ல நிக்கும்," என்றாள். அண்ணன் வீட்டில் அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அவன் மலையேறினான். இந்த வெள்ளி அவள் திரும்பிப் போனால் பிறகு வரமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

மேட்டில் ஒரு பழைய அறுப்புக்குழி இருந்தது. மரம் சரியாக அதன் குறுக்கே விழுந்திருந்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டான். கிளையைக் கழிக்கும்போது கோடாலி வழுக்கி இடது கால் பெருவிரல் நகம் இரண்டாகப் பிளந்தது. அதைத் துரதிர்ஷ்டம் என்று நினைக்கவில்லை. ரம்பத்தை இரவல் கொடுத்த பழைய அறுப்புக்காரர் சின்னக்கருப்பன், கீழாளாகத் தானே வருவதாகவும் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் மஞ்சு மூடுபனியாக இறங்கி, காப்பிச்செடி எது, ஆள் எது என்று தெரியவில்லை. நல்லையா மரத்தின் மேல் ஏறி நூலடித்த கோட்டில் ரம்பத்தை வைத்தான். கீழ்ப்பிடியை யாரோ பிடித்தார்கள்.

"என்னண்ணே, வெள்ளனே வந்துட்டீங்களா?"

"முதப் பட்டை எனக்கு," என்றது குழி.

அது வழக்கம்தான். மரத்தின் வெளிப்புறத்திலிருந்து முதலில் கழிகிற பட்டைப் பலகை கீழாளுக்குச் சேரும். கண்ணில் தூள் விழுவதற்கு அது ஈடு. "ஆகட்டும்ணே," என்றான் நல்லையா.

இரண்டு நாள் அறுத்தார்கள். பலாத்தூள் மஞ்சளாகக் குழிக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. பச்சைப் பலாவின் புளித்த வாசனையும் ஈரமண் வாசனையும், அவற்றுக்குக் கீழே, நெடுநாள் திறக்காத பெட்டியின் வாசனையும் சேர்ந்து மேலே வந்தன. பீடிக்குக் கூப்பிட்டும் ஆள் மேலே ஏறி வரவில்லை. டீக்கும் ஏறி வரவில்லை. மேலிருந்து பார்த்தால் கீழ்ப்பிடியில் இரண்டு மஞ்சள் கை மட்டும் தெரிந்தது. அண்ணனுக்கு வேலை மும்முரம் என்று நினைத்தான்.

பச்சை மரத்தில் அலமாரி செய்யக்கூடாது என்று எந்த ஆசாரியும் சொல்வார். நல்லையா ஆசாரி இல்லை, புருஷன். புதனும் வியாழனும் இழைத்தான், அடித்தான், கீல் வைத்தான். முதுகுக்கு மட்டும் ஒரு பலகை குறைந்தது. கையில் மிச்சம் இருந்தது அந்த முதல் பட்டைதான். அகலமானது, ஒரு முடிச்சுகூட இல்லாதது. வேறு இரண்டு துண்டு கொடுத்தால் சின்னக்கருப்பன் வேண்டாம் என்றா சொல்வார்? முதுகில் வைத்து அறைந்தான். ஒட்டன்சத்திரத்தில் வாங்கிய புதுச்சட்டையை, பிள்ளைக்கு என்று, நடுத்தட்டில் மடித்து வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு துண்டு மரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சின்னக்கருப்பன் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி அன்னக்கொடி வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க தம்பி. ஞாயித்துக்கெழம படுத்த மனுசன், இன்னும் எந்திரிக்கல. குளிர்காய்ச்சல். ஒங்களுக்குச் சொல்லிவிடக்கூட ஆளு சிக்கல. ஒத்தையில எப்படித்தான் அறுத்தீங்களோ!"

உள்ளே கம்பளிக்குள்ளிருந்து சின்னக்கருப்பன் இருமினார். நன்றாக, நீளமாக, மார்பு கிழிய. "ஏலே நல்லையா, ரம்பத்த மட்டும் நனைய விட்றாத."

நல்லையா மரத்துண்டுகளை அங்கேயே போட்டான். ஓடினான்.

வீடு திறந்தபடியே கிடந்தது. மஞ்சு வாசல்வரை வந்து நின்றிருந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சமாக அலமாரி. சாயாமல்தான் நின்றது. அதற்குள்ளே ஏதோ முனகியது. பச்சை மரம், காயும்போது முனகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் காய்கிற மரம் நினைத்த நேரத்தில் முனகும். இது தாளம் தப்பாமல் வந்தது. ஓர் இழுப்பு. ஒரு மூச்சு நேரம். ஓர் இழுப்பு.

கதவிடுக்கில் மஞ்சள் தூள் கசிந்தது.

பஸ் வருவதற்குள் அந்தப் பட்டையைக் கழற்றி, கொண்டுபோய்க் குழியில் போட்டுவிட வேண்டும். கடப்பாரையை எடுத்தான். கதவைத் திறந்தான்.

முதுகுப் பலகை அங்கே இல்லை. நடுத்தட்டு இருந்தது. அதில் சட்டை இருந்தது, மஞ்சள் பூத்து. அதற்குப் பின்னால் மண். ஈரமாக, வேர் தொங்க. குளிர் முகத்தில் அடித்தது. தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

சட்டையையாவது எடுத்துவிடலாம்.

கை நீட்டினான். எட்டவில்லை. தோளை நுழைத்தான். எட்டவில்லை. ஒரு கால். இன்னொரு கால். சட்டை கைக்கு வந்தது. திரும்பினான்.

கதவு தூரத்தில் இருந்தது. சின்னதாக. மேலே.

"ஆத்தாடி, நெசமாவே செஞ்சுட்டீங்களே!" என்றது வீரம்மாவின் குரல். "நேராத்தான் நிக்குது!"

கத்துவதற்கு வாயைத் திறந்தான். வாய் நிறையத் தூள் விழுந்தது.

"நான் சொன்னா சொன்னதுதான்," என்று வெளியே நல்லையாவின் குரல் பதில் சொன்னது. "பிள்ளையக் கொண்டா இங்க."

பிள்ளை வீரிட்டு அழுதது. கதவு மூடியது.

இருட்டு இல்லை. மேலே ஒரு கீற்று மஞ்சு. அதன் குறுக்கே பலாமரம். அதன் மேல் இரண்டு பாதம். இடது கால் பெருவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது. ரம்பம் இறங்கி வந்து அவன் முகத்துக்கு நேரே நின்றது. பிடி ஆடியது. மஞ்சள் கை இரண்டு அதைப் பிடித்தன. அவன் கைகள்.

"இழு," என்றது மேலே.

நல்லையா இரும நினைத்தான். இருமல் வரவில்லை.

இதற்குப் பிறகு எண்பத்திரண்டில் அதே மேட்டில் தண்ணீர்த்தொட்டி கட்டக் கடைக்கால் தோண்டினார்கள். கூலியாட்களில் நானும் ஒருவன். ஒரு முழம் இறங்குவதற்குள் நாலு கடப்பாரை மழுங்கிவிட்டது. அந்த மேடு முழுவதும் ஒரே பாறை. ஓர் ஆள் நிற்கிற குழி அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.