வாலுக்குள் ஈரம்

வாலின் உள்ளே ஈரமாக இருந்தது.

முந்தின நாள் மாலை அவள்தான் அந்தக் கடல்கன்னி வாலைக் கழுவினாள். தொட்டித் தண்ணீரின் குளோரின் தங்கினால் சிலிக்கானின் நிறம் செத்துப்போகும் என்று, நல்ல தண்ணீர்க் குழாயை இடுப்புப் பக்கத்துத் திறப்பில் செருகி, துடுப்பு நுனி வரை நிரப்பிக் கவிழ்த்து, மறுபடி நிரப்பிக் கவிழ்த்து, துண்டை மொட்டைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் காயவைத்து, பவுடர் தூவி, மடிப்பு விழாமல் பலகையில் நீட்டிக் கிடத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். இப்போது கையை விட்டு எடுத்தால் பவுடர் களியாகி விரலில் ஒட்டியிருக்கிறது. முகர்ந்து பார்த்தாள். குளோரின் வாடை இல்லை. வெகுநாள் கட்டுப்போட்டிருந்த காலை அவிழ்க்கும்போது வருமே, அந்த வெதுவெதுப்பான வாடை.

சில நாட்களாகவே இப்படித்தான். முதலில் துடுப்பு நுனியில் மட்டும் இருந்தது. பிறகு முழங்கால் மட்டத்துக்கு வந்தது. இன்று இடுப்பு விளிம்பைத் தொட்டுவிட்டது.

"அண்ணா, வால் உள்ள திரும்ப நனைஞ்சிருக்கு."

ஏணியில் நின்று தொட்டிக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் திரும்பவில்லை. "வேர்வையா இருக்கும்."

"கழுவிக் காய வச்சது. யாரு போட்டு வேர்த்தாங்க?"

கணக்கு முடிக்க வந்திருந்த டிக்கெட் கவுண்டர் அக்கா பையை மாட்டிக்கொண்டே சிரித்தாள். "மீன்னா ஈரமா இல்லாம கருவாடாவா இருக்கும்? போடி!"

அக்காவின் செருப்புச் சத்தம் படியேறித் தேய்ந்தது. வார விடுமுறை. கடை வளாகத்தின் கீழ்த்தளத்தில் வேறு ஆள் இல்லை. காலி நாற்காலிகள் வரிசை வரிசையாகத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. எங்கோ பம்பு கனைத்தது.

வாத்து என்றுதான் அண்ணன் அவளைக் கூப்பிடுவான். அம்மா செங்கல் சுமந்தாள், அண்ணன் மீசை முளைக்கும் முன்பே கலவை மிஷினுக்குப் போனான். மிஷின் அவன் வலது கட்டைவிரலைத் தின்று துப்பியது. நகமும் ரேகையும் போய், கூழாங்கல் மாதிரி வழவழப்பாகத் தட்டையாகிவிட்ட விரல். மழைத் தண்ணீர் தேங்கிய கல்குழியில் அந்தக் கையை அவள் வயிற்றுக்கடியில் கொடுத்துத்தான் நீச்சல் பழக்கினான். "மூழ்க விட்டுடுவேனா வாத்து?" என்பான். விட்டதில்லை. இப்போதும் காட்சி நேரத்தில் பொம்மைப் பாறைக்குப் பின்னால் மூச்சுக்குழாயோடு காத்திருப்பவன் அவன்தான். கண்ணாடிக்கு வெளியே குழந்தைகளுக்கு முத்தம் பறக்கவிட்டுவிட்டு அவள் பாறைப் பக்கம் போவாள். அண்ணன் காற்றுக் கொடுப்பான். அவள் மூச்சே அவன் கையில் இருந்தது.

அவளுக்கு முன்னால் இங்கே நீந்தியவள் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். ஒருமுறை வீட்டுக்கு வந்தாள். அம்மா கேட்காமலே மறுசோறு போட்டதில் எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது. அப்புறம் ஒருநாள் அண்ணன் வந்து, "கப்பல்ல வேலை கிடைச்சுதாம், போயிட்டா" என்றான். சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தான். மனசு உடைந்துவிட்டது, விடு என்றாள் அம்மா. எழுந்ததும் தங்கையை வேலைக்குக் கூட்டி வந்தான். "வால் புதுசு. பெட்டியப் பிரிச்சதே நான்தான். கழுவுறது உன் பாடு. ஒட்டுறது, பெயிண்ட் அடிக்கிறது மட்டும் என் வேலை, நீ தொடாத."

"வாத்து, மாட்டிக்கோ. புது டைவ் ஒருதடவ பாத்துடலாம்."

தொட்டிக்கு மேலே மேடைக்கு ஏறி, விளிம்பில் உட்கார்ந்து காலில் வழவழப்புக் களிம்பைத் தடவினாள். எண்ணெய் ஆகாது, சிலிக்கானுக்கு ஒத்துக்கொள்ளாது. அண்ணன் துடுப்பைப் பிடித்துக்கொள்ள, அவள் இடுப்பை அசைத்து அசைத்து உள்ளே இறங்கினாள். வளர்ந்த பெண்ணைத் தோளில் தூக்குகிற கனம் அந்த வாலுக்கு. பாதங்கள் துடுப்புக்குள் இருக்கும் தகட்டின் ரப்பர் பைகளில் நுழைந்தன. இனி தனியாகக் கழற்ற முடியாது, ஒருவர் துடுப்பைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்கத்தான் அண்ணன் இருக்கிறானே.

அவன் மூச்சுக்குழாயை எடுக்கப் போனான். கண்ணாடி தேய்க்க வைத்திருந்த விளக்கு மேடைத் தரையில் சாய்ந்து கிடந்தது. அதன் வெளிச்சம் வாலின் மேல் படுக்கைவசமாக விழுந்தது. காட்சி நேரத்து நீல விளக்கிலும், கழுவும் மூலையின் மங்கல் வெளிச்சத்திலும் ஒருநாளும் தெரியாதது அப்போது தெரிந்தது.

செதில்கள் சேரவில்லை.

இடுப்பிலிருந்து குதிகால் வரை ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் செதில் ஓர் இடத்தில் முடிந்தால், அந்தப் பக்கம் அரைச் செதில் தள்ளி ஆரம்பித்தது. மேலே புதுப் பெயிண்ட். விரலால் தடவினாள். மேடு தட்டியது. சிலிக்கான் எப்படிக் கிழியும் என்று அவளுக்குத் தெரியும். நகக்கீறலில் தொடங்கிக் கோணல்மாணலாக ஓடும். இது நேராக இருந்தது. கத்தரிக்கோல் போன வழி. பிறகு சிலிக்கான் பசையே ஊற்றி, ஆற அமர அழுத்தி ஒட்டிய ஒட்டு. அழுத்திய இடமெல்லாம் குழி. நகமில்லாத, ரேகையில்லாத, தட்டையான குழி.

வாலைப் போட்டவளை வெளியே எடுக்க யாரும் வாலை வெட்டமாட்டார்கள். இழுத்தால் வந்துவிடும், அவளும் கொஞ்சம் உந்தினால். உந்த முடியாதவளாக இருந்தால்தான் வெட்ட வேண்டும்.

அண்ணன் குழாயோடு வந்தான்.

"அண்ணா, இது புதுசா?"

"புதுசுதான்."

"அம்மா மேல சத்தியமா?"

"அம்மா மேல சத்தியமா." கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"அப்ப இது யாரு கட்டைவிரல்?"

அவன் பார்த்தான். குழாயிலிருந்து காற்று உஸ்ஸென்று வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு போன் வந்துச்சு," என்றான். "பேசிட்டு வர்றதுக்குள்ள அவ மூச்சு..."

"கப்பல்னு சொன்னியே. அம்மா இன்னும் அவளக் கேட்டுட்டு இருக்காங்களே."

"நல்ல வால் வாத்து. தூக்கிப் போட மனசு வரல. இன்னும் பத்து வருஷம் உழைக்கும்."

"கழட்டு."

"கத்தாத."

"கழட்டுடா!"

பிறந்ததிலிருந்து அவனை டா போட்டதில்லை. அவன் குனிந்து துடுப்பைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். அவள் உடம்பே தரையில் இழுபட்டது, வால் நகரவில்லை. உள்ளே ஈரம் ஏறியது. குளிர்ந்த ஈரம். கணுக்காலை ஏதோ சுற்றியது. ரப்பர் பை என்று நினைத்தாள்.

அது இறுக்கியது.

ரப்பருக்கு விரல் கிடையாது.

துடுப்பு எழுந்து தரையில் அறைந்தது. அவள் அசைக்கவில்லை. அண்ணன் பிடியை விட்டுவிட்டுப் பின்வாங்கினான். அவன் கண் அவள் முகத்தில் இல்லை. இடுப்புக்குக் கீழே பார்த்துப் பேசினான்.

"சுருட்ட... விட்டுடு. அவ என் தங்கச்சி."

துடுப்பு மெல்லத் தண்ணீர்ப் பக்கம் வளைந்தது. இடுப்பு நழுவியது. விளிம்பு முதுகை உரசியது. அவள் எட்டி அவன் கையைப் பிடித்தாள். கட்டைவிரல்தான் அகப்பட்டது. வழவழப்பான விரல். சின்ன வயதிலிருந்து தெரிந்த விரல். இரண்டு கையாலும் பிடித்தாள். அவனும் தண்ணீர்ப் பக்கம் இழுபட்டான்.

"அண்ணா."

அவள் பிடி வழுக்கவில்லை. அவன்தான் மற்றக் கையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

தண்ணீர் மூடியது. கனம். தரை. மேலே மூச்சுக்குழாய் தொங்கியது, குமிழி குமிழியாக. எட்டவில்லை. அதற்கும் மேலே அண்ணன் முகம், நெளிந்து நெளிந்து. இறங்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றது.

ஒட்டு. அதைக் கிழித்தால் போதும். நகத்தை ஊன்றினாள். பெயிண்ட் உரிந்தது. பிராண்டினாள். நகம் ஒடிந்தது.

அப்போது உள்ளிருந்து அந்தக் கோட்டில் ஒரு மேடு எழும்பியது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. சிலிக்கான் இழுபட்டு மெலிந்து, உள்ளே வெளுத்த விரல்முட்டிகள் தெரிந்தன. அவள் நகம் இருந்த அதே இடத்தில், அதே அவசரத்தில், உள்ளிருந்தும் பிராண்டல். வெளியே இவள். உள்ளே அவள்.

ஒட்டு பிரியவில்லை. அண்ணன் போட்ட ஒட்டு.